சலான் ஒன்று, பதிவேடுகள் மூன்று: போக்குவரத்து அபராத வழக்கைத் தேடிப் பார்ப்பது எப்படி?

ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று. சில மாதம் கழித்து இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் பணம் கட்டும் பொத்தானையே காணோம். ‘நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. எந்த நீதிமன்றம், இனி எங்கே கட்டுவது, வக்கீல் வைக்க வேண்டுமா என்ற எதற்கும் அந்தத் திரையில் பதில் இல்லை. இந்த நேரம் பார்த்து, ‘உங்கள் வாகனத்தின் மீது வாரன்ட் உள்ளது, இந்த லிங்க்கை அழுத்தவும்’ என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியும் வந்தால், படித்தவர்களே பதறிப்போய் அழுத்திவிடுகிறார்கள்.

குழப்பத்தின் வேர் இதுதான். ஒரே சலான் அதன் ஆயுட்காலத்தில் மூன்று தனித்தனிப் பதிவேடுகளில் இடம்பெறக்கூடும். ஒன்றில் பார்த்துவிட்டு ‘எதுவும் பாக்கி இல்லை’ என்று முடிவுகட்டினால், மற்றொன்றில் வழக்கு உயிரோடு இருக்கும். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும், அபராதத் தொகையும் நீதிமன்ற ஏற்பாடும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதலில், சலான் என்பது தீர்ப்பு அல்ல

சலான் என்பது ‘நீங்கள் இந்த விதியை மீறினீர்கள்’ என்று போலீஸ் அதிகாரியோ போக்குவரத்துத் துறை அதிகாரியோ வைக்கும் குற்றச்சாட்டு. குற்றம் செய்தாரா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அப்படியானால் சாலையோரத்தில் கட்டும் ‘ஸ்பாட் ஃபைன்’ என்ன கணக்கு?

அதற்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 200-ஆவது பிரிவு வழி செய்கிறது. அந்தப் பிரிவில் பட்டியலிட்டிருக்கும் குற்றங்களுக்கு, மாநில அரசு நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டால் மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது. இதற்கு இணக்கக் கட்டணம் என்று பெயர். வழக்கு நீதிமன்றம் போகாமலே முடிவதால் நீதிமன்றப் பதிவு எதுவும் உருவாகாது. 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியது. அதை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் புதிய தொகைகளை அறிவித்தது. 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் 1,000 ஆனது அப்போதுதான்.

இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, எல்லாக் குற்றத்தையும் இப்படி முடிக்க முடியாது. குடித்துவிட்டு ஓட்டுவது 185-ஆவது பிரிவில் வருகிறது. 200-ஆவது பிரிவின் பட்டியலில் அது கிடையாது. முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த வழக்கு நீதித்துறை நடுவர் முன் போயே ஆக வேண்டும். இரண்டு, இணக்கக் கட்டணம் கட்டினால் சுவடே இல்லாமல் அழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிக் கட்டி முடித்த குற்றமும் ‘முந்தைய குற்றம்’ என்றே கணக்கில் வரும். அடுத்த முறை அதே தவறில் மாட்டினால் இரண்டாம் முறைக்கான கூடுதல் தொகைதான்.

மூன்று பதிவேடுகள்

1. இ-சலான் தளம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘பரிவாகன்’ சேவைகளில் ஒன்று. போலீசும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் போடும் சலான்கள் இங்கே ஏறும். இது நிர்வாகப் பதிவேடு, நீதிமன்றப் பதிவேடு அல்ல.

2. விர்ச்சுவல் கோர்ட், அதாவது இணையவழி நீதிமன்றம். உரிய கெடுவுக்குள் பணம் கட்டாத சலான்கள் கணினி வழியாகவே இங்கே போகின்றன. இந்தியாவின் முதல் விர்ச்சுவல் கோர்ட் 2019 ஜூலையில் டெல்லியில் தொடங்கியது; அதைத் தொடர்ந்து வந்தவற்றில் சென்னையும் ஒன்று. கெடு எத்தனை நாள் என்பதை நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. உங்கள் சலானிலும் குறுஞ்செய்தியிலும் உள்ள தேதிதான் கணக்கு.

3. வழக்கமான நீதிமன்றம். சென்னை என்றால் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் உள்ள நடுவர் நீதிமன்றங்கள். மற்ற ஊர்களில் அந்தந்தப் பகுதியின் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். இங்கே வந்த வழக்கைத் தேட இ-கோர்ட்ஸ் என்ற தளமும் அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்கின்றன, ஆனால் உடனுக்குடன் அல்ல. விர்ச்சுவல் கோர்ட்டில் பணம் கட்டிய மறுநாளே இ-சலான் தளத்தில் பார்த்தால் பழைய நிலையே இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் முறை கட்டக் கிளம்ப வேண்டாம்.

விர்ச்சுவல் கோர்ட்டில் என்ன நடக்கிறது?

பெயரைக் கேட்டதும் வீடியோ காலில் நீதிபதி முன் நிற்பது போலப் பலரும் கற்பனை செய்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. சலானும் அதனுடன் உள்ள படமும் நீதிபதியின் திரைக்கு வரும். அவர் வழக்கை எடுத்துக்கொண்டு ஓர் அபராதத் தொகையை முன்மொழிவார். அந்தத் தகவல் வாகன உரிமையாளரின் கைபேசிக்கு வரும். அவர் முன் இரண்டே வழிகள்: முன்மொழியப்பட்ட அபராதத்தைக் கட்டுவது, அல்லது வழக்கை எதிர்த்து வாதிட விரும்புவதாகத் தெரிவிப்பது.

புதுமையாகத் தெரிந்தாலும் இதன் சட்ட அடிப்படை பழையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு, சிறு குற்றங்களில் சம்மன் பெற்றவர் நேரில் வராமலே, பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் குறிப்பிட்ட தொகையை மணியார்டரில் அனுப்பி வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று 1988-லேயே சொல்லியிருக்கிறது. பதிவுத் தபாலின் இடத்தில் இன்று ஓ.டி.பி.; மணியார்டரின் இடத்தில் நெட் பேங்கிங்.

‘கட்டு’ என்ற பொத்தானை அழுத்துவதன் பொருளும் இதிலிருந்தே தெரியும். இ-சலான் தளத்தில் கட்டினால் அது இணக்கம். விர்ச்சுவல் கோர்ட்டில் கட்டினால் அது குற்ற ஒப்புதல். பணம் ஒரே அளவாக இருக்கலாம், சட்டப் பொருள் வேறு. ஒன்று ஆறுதலாகச் சொல்லலாம்: 208-ஆவது பிரிவின்படி ஒப்புக்கொண்டு பணம் கட்டியவர் மீது அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை கிடையாது, ஒப்புக்கொண்டார் என்ற காரணத்துக்காக அவருடைய ஓட்டுநர் உரிமத்தைத் தகுதிநீக்கம் செய்யவும் கூடாது. இந்தச் சலுகை எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது. அரசு விலக்கி வைத்த குற்றங்களும் உண்டு.

தொகையும் கவனிக்க வேண்டியதுதான். சாலையோர அபராதம் அரசு நிர்ணயித்தது. நீதிமன்றம் அதைப் பின்பற்றக் கட்டுப்பட்டதல்ல. சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் கூட்டலாம், குறைக்கலாம். எனவே இரண்டு தளங்களிலும் வேறு வேறு தொகை இருந்தால் அது கணினிப் பிழை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

தேடும் வரிசை

நேராக நீதிமன்றத் தளத்துக்குப் போவதைவிட, சலானில் தொடங்கி மேலே ஏறுவதுதான் சுலபம்.

1. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-சலான் தளத்தில் மூன்று விதமாகத் தேடலாம்: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். வண்டி எண்ணைப் போட்டால் சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும். ஊரார் வண்டிகளை எல்லாம் யாரும் நோண்டிப் பார்க்காமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு.

2. வண்டி எண்ணில் தேடியதோடு நிறுத்தாமல் உரிம எண்ணிலும் தேடுங்கள். ஆபீஸ் வண்டியையோ நண்பரின் வண்டியையோ ஓட்டியபோது போலீஸ் உங்கள் உரிமத்தை வாங்கிப் பார்த்துச் சலான் போட்டிருந்தால், உங்கள் வண்டி எண்ணில் அது வராது.

3. கிடைத்த ஒவ்வொரு சலானிலும் சலான் எண், தேதி, இடம், குற்றப் பிரிவு, நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் இருந்தால் இப்போதே சேமித்துவிடுங்கள்.

4. ‘நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று இருந்தால் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, சலான் எண் அல்லது வண்டி எண்ணைப் போடுங்கள். கைபேசி எண், சி.என்.ஆர். எண் (வழக்குக்கு நீதிமன்றம் தரும் தனி அடையாள எண்), பெயர் ஆகியவற்றாலும் தேடலாம். கர்நாடகத்திலோ கேரளத்திலோ போட்ட சலான் என்றால் அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சபரிமலை போய்வந்தவர்கள், பெங்களூருக்கு வார இறுதியில் ஓட்டுபவர்கள் இதை மறந்துவிட்டுத் தமிழ்நாட்டுப் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

5. விர்ச்சுவல் கோர்ட்டிலும் வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டதாகக் காட்டினால், சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு இ-கோர்ட்ஸுக்குப் போங்கள்.

நான்காவது படியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். காரணம், ஓ.டி.பி. போவது பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்கு. பத்து வருடம் முன்பு வண்டி வாங்கியபோது டீலர் தன் கடை ஊழியரின் எண்ணைப் போட்டிருப்பார். அல்லது உங்கள் பழைய சிம் இன்று வேறு யாரிடமோ இருக்கும். முதல் குறுஞ்செய்தியே உங்களுக்கு வராமல் போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வாகனப் பதிவில் கைபேசி எண்ணைப் புதுப்பிக்கப் பரிவாகன் தளத்திலேயே வசதி இருக்கிறது. சலான் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு வேலையை இன்றே செய்துவிடலாம்.

சி.என்.ஆர். எண்ணும் வழக்கு விவரமும்

மாவட்ட நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்து-எண்கள் கொண்ட ஓர் அடையாளம் தரப்படுகிறது. வழக்கு ஒரு நீதிமன்றத்தில் என்ன எண்ணில் இருந்தாலும், இதை வைத்துப் பிடித்துவிடலாம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், தமிழ்நாட்டுக்கு டி.என். அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு நீதிமன்ற வளாகத்தின் குறியீடு. பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கும் ஆண்டு. இடையில் கோடு, புள்ளி, இடைவெளி எதுவும் போடக் கூடாது. பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போட்டுவிட்டு, வழக்கே இல்லை என்று நிம்மதியாகத் திரும்பியவர்களும் உண்டு.

சி.என்.ஆர். இல்லையென்றால் இ-கோர்ட்ஸில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, வழக்கு எண்ணாலோ பெயராலோ தேடலாம். வழக்கு எண்ணுக்கு முன்னால் எஸ்.டி.சி. என்று இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. போக்குவரத்து வழக்குகள் பொதுவாக இந்த வகையில்தான் வரும். திறக்கும் பக்கத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: வழக்கு நிலுவையா முடிந்ததா, அடுத்த வாய்தா எப்போது, எந்தச் சட்டப் பிரிவு. ‘முடிந்தது’ என்று இருந்தாலும் எப்படி முடிந்தது என்று வழக்கு வரலாற்றில் பாருங்கள். குற்றம் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும், விடுதலை ஆனதும், இரண்டுமே ‘முடிந்தது’தான்.

பெயரால் தேடுவது கடைசி வழியாக இருக்கட்டும். குறைந்தது மூன்று எழுத்தும் ஆண்டும் கொடுக்க வேண்டும். பெயர்கள் ஆங்கிலத்தில் ஏறியிருக்கும். செந்தில்குமார் என்ற பெயரை ஒரு குமாஸ்தா ஒரே சொல்லாக எழுதியிருப்பார், இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்று சொல்லவே வேண்டாம். பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்ததும் அது இவர்தான் என்று முடிவு செய்வது ஆபத்து. வீடு வாடகைக்கு விடுபவர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இதை வைத்து ஒருவரை எடைபோடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தந்தை பெயரோ முகவரியோ வண்டி எண்ணோ ஒத்துப்போகாமல் பெயர் மட்டும் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது.

சலானே தவறு என்றால்?

வீட்டில் நிற்கும் காருக்கு ‘ஹெல்மெட் போடவில்லை’ என்று சலான் வருவது நகைச்சுவைத் துணுக்கு அல்ல. கேமரா படத்தில் எண் பலகையின் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால், ‘பி’ என்பதை ‘எட்டு’ என்று எடுத்துக்கொண்டால், அது நடக்கும். போலி எண் பலகையும் ஒரு காரணம்.

இதில் விதிகள் உங்கள் பக்கமும் பேசுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, கேமரா வழி போடும் சலானில் மீறலைக் காட்டும் படம், எண் பலகையின் படம், தேதி, நேரம், இடம் ஆகியவை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆகவே முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி உங்களுடையது இல்லை என்று தெரிந்தால், வழக்கு நீதிமன்றம் போகும் முன்பே இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் ஆர்.சி. நகல், உங்கள் வண்டியின் படம் இரண்டையும் சேர்த்து முறையிடுங்கள். விர்ச்சுவல் கோர்ட் வரை போய்விட்டால் ‘எதிர்க்கிறேன்’ என்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதைத் தெரிந்து செய்யுங்கள்: வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், நீங்களோ உங்கள் வக்கீலோ ஆஜராக வேண்டியிருக்கும். 500 ரூபாய்க்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் அலைவார்கள்? தவறே செய்யாதவரும் கட்டித் தொலைப்பது இதனால்தான். இந்த ஏற்பாட்டின் பெரிய குறையும் இதுவே என்பேன்.

வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். பதிவில் உரிமையாளர் யாரோ அவர் பெயரில்தான் வழக்கு வரும். ஓட்டியது யார் என்ற தகவலைத் தரும் பொறுப்பையும் 133-ஆவது பிரிவு உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. விற்றதற்கான ஆவணம் கையில் இல்லாவிட்டால் சிரமம்.

கட்டாமல் விட்டால் காலாவதி ஆகிவிடுமா?

‘ஆறு மாதம் தாண்டினால் கேஸ் நிற்காது’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குள்ளும், ஓராண்டு வரை சிறை உள்ளவற்றை ஓராண்டுக்குள்ளும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 514-ஆவது பிரிவு. ஆனால் கெடுவைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டியது வழக்கு தாக்கலான தேதியை, நீதிபதி அதைக் கையிலெடுத்த தேதியை அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல் சொல்லிவிட்டது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை மன்னிக்கவும் செய்யலாம். எனவே சலான் தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. தாக்கல் தேதி என்ன என்று வழக்குப் பதிவில் பார்த்த பிறகே அந்த வாதத்தை எடுக்கலாம். அதையும் நீதிமன்றத்தில்தான் எடுக்க வேண்டும். இ-சலான் தளம் தானாக எதையும் தள்ளுபடி செய்யாது.

இதற்கிடையில் நிலுவைச் சலான் வேறு வழியில் கழுத்தைப் பிடிக்கும். பெயர் மாற்றம், வேறு மாநிலத்துக்கு என்.ஓ.சி. என்று ஆர்.டி.ஓ. வேலைக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். சம்மனுக்கும் ஆஜராகாமல் விட்டால் வாரன்ட் பிறப்பிக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு.

டெல்லியில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சலான் தொகையைக் குறைத்தார்கள் என்ற செய்தி ஆண்டுக்குச் சில முறை நம் ஊர்க் குழுக்களிலும் சுற்றும். அது அந்த மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் போலீசும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு. அதை நம்பி இங்கே காத்திருக்கும் முன், உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போலிச் செய்தியும் பாதியில் நின்ற பணமும்

உண்மையான தளங்கள் மூன்றுமே ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடியும். நடுவில் எங்காவது ‘பரிவாகன்’ என்று இருப்பது போதாது, முடிவைப் பாருங்கள். சலானைப் பார்க்க ஏ.பி.கே. கோப்பை (கைபேசியில் செயலியை ஏற்றும் கோப்பு) நிறுவச் சொல்லி எந்த அரசுத் துறையும் கேட்காது. அப்படி வந்தால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வைக்கும் கன்னம். சந்தேகம் இருந்தால் செய்தியில் வந்த லிங்க்கைத் தொடாமல், தளத்தை நீங்களே திறந்து சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சலான் என்றால் அங்கே இருக்கும்.

கட்டும்போது கணக்கில் பணம் போய், ரசீது வராமல் நின்றுவிடுவதும் நடக்கிறது. உடனே மறுபடி கட்டாதீர்கள். இ-சலான் தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கத் தனி வசதி இருக்கிறது. வங்கியின் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கே பாருங்கள்.

கட்டி முடித்ததும் ரசீதைத் தரவிறக்கி, சலான் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு என்றால், திரையில் தெரிவதை அச்செடுத்துக் காட்டுவது பல இடங்களில் செல்லாது. அந்த நீதிமன்றத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலுவையை நீக்கச் சொல்லிக் கேட்கும்போது வேலை செய்வது அந்தக் காகிதம்தான்.